பெருங்குடல் புற்றுநோய் கல்லீரலுக்குப் பரவிய பிறகு ஆபரேஷன் செய்து பயன் உண்டா?

உண்டு, ஆனால் எல்லாருக்கும் இல்லை. அப்பாவுக்கு ஸ்டேஜ் 4, கல்லீரலில் மூன்று கட்டி, இனி கீமோ மட்டும்தான் என்று சொல்லிவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். நான் டாக்டர் இல்லை. மேலூரில் இருக்கும் என் தாய்மாமாவுக்கு இதே நோய் வந்தபோது மதுரையில் கூடவே இருந்து பார்த்தவன்.

வேறு பல புற்றுநோய்கள் கல்லீரலுக்குப் போய்விட்டால் பெரும்பாலும் கத்தி வைக்க மாட்டார்கள். குடல் விஷயம் வேறு. குடலின் ரத்தம் போர்ட்டல் வெயின் என்ற ரத்தக்குழாய் வழியாக நேரே கல்லீரலுக்குத்தான் போகிறது. அதனால் சிலருக்கு நோய் அங்கேயே நின்றிருக்கும். முழுதாக வெட்டி எடுக்க முடிந்தவர்களில் 100க்கு 40 பேராவது ஐந்து ஆண்டைத் தாண்டுகிறார்கள். அப்படி வெட்டி எடுக்கும் நிலையில் இருப்பவர்கள் நாலில் ஒருவர்தான், அதையும் மறைக்கக் கூடாது.

கட்டி எத்தனை என்பதைவிட, எடுத்த பிறகு எவ்வளவு ஈரல் மிஞ்சும் என்பதுதான் சர்ஜனின் கணக்கு. நல்ல ஈரலில் கால் பங்கு மிஞ்சினாலும் ஓரளவு சமாளிக்கும், மறுபடி வளரும். கீமோ ஏறிய ஈரலுக்கு இன்னும் கூடுதலாக வேண்டும். மாமாவுக்கு மிச்சம் போதாது என்றார்கள். கட்டி இருந்த பக்கம் போகும் ரத்தக்குழாயை ஊசி வழியே அடைத்துவிட்டு, சில வாரம் காத்திருக்கச் சொன்னார்கள். மறுபக்கம் தானாக வளர்ந்தது! பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் வைத்து சர்ஜன் காட்டியபோது எனக்கே தெரிந்தது.

அதற்கு முன்னால் ஆக்ஸாலிபிளாட்டின் என்ற மருந்தில் கீமோ. சித்திரை வெயிலில் குளிர்ந்த தண்ணீரைத் தொட்டாலே விரலில் ஷாக் அடிப்பது போல இருக்கும். ஜிகர்தண்டா பிரியரான மாமாவுக்கு அத்தை வெந்நீரை ஆற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார். மனுஷன் நோயைவிட இதற்குத்தான் அதிகம் அலுத்துக்கொண்டார்.

'கீமோ எல்லாம் முடியட்டும், அப்புறம் ஆபரேஷனைப் பார்ப்போம்' என்று மட்டும் விட்டுவிடாதீர்கள். கீமோ நீண்டால் ஈரல் கெடும். சின்னக் கட்டிகள் ஸ்கேனில் மறைந்தும் போகும். ஆனால் பெரும்பாலும் நோய் போயிருக்காது, எங்கே வெட்டுவது என்பதுதான் தெரியாமல் போகும். அதனால் இப்போதே ஈரல் ஆபரேஷன் செய்து பழகிய ஒரு சர்ஜனிடம் காட்டுங்கள். வெட்ட முடியாது என்று அவர் சொன்னால் அது வேறு. செலவு பயமுறுத்தினால் பெரியாஸ்பத்திரியில் விசாரியுங்கள். முதலமைச்சர் காப்பீட்டில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை உண்டு.

பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு நோய் திரும்பும். அதைக் கண்டுபிடிக்கத்தான் சிஇஏ என்ற ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் தொடர்கின்றன. ஈரலிலேயே வந்தால் சிலருக்கு மீண்டும் வெட்டலாம், சின்னதாக இருந்தால் ஊசி வைத்துச் சுட்டும் விடுகிறார்கள்.

போகும்போது ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது, ஸ்கேன் சென்டரில் படங்கள் இருக்கும் டிஸ்க்கையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சர்ஜன் முதலில் கேட்பது அதைத்தான்.