குடியாத்தத்து அப்பாவும் இரண்டு பிஜியும்

போன வாரம் குடியாத்தத்திலிருந்து ஒரு அப்பா பேசினார். தறி வைத்திருப்பவர். "சார், பொண்ணு சேலத்துல ஜியாலஜி ரெண்டாவது வருஷம். டெக்சாஸ்ல இருக்கிற எங்க அக்கா பையன், 'மாமா, பிஜி இருந்தாதான் இங்க மதிப்பு'ன்றான். பிஜி படிக்க வைக்கத்தானே போறேன்? அதுக்கு எதுக்கு லைசென்ஸ், பரீட்சைன்னு என்னென்னமோ சொல்றான்?" என்று கேட்டார். அவருக்குச் சொன்னதை மற்ற பெற்றோருக்கும் ஆகட்டும் என்று எழுதி வைக்கிறேன்.

ஐயா, நீங்கள் நினைப்பது போஸ்ட் கிராஜுவேட், அதாவது முதுநிலைப் படிப்பு. உங்கள் அக்கா மகன் சொன்ன பிஜி வேறு. அது 'புரொஃபஷனல் ஜியாலஜிஸ்ட்', அதாவது உரிமம் பெற்ற நிலவியலாளர் என்பதன் சுருக்கம். டெக்சாஸில் 'புரொஃபஷனல் ஜியோசயின்டிஸ்ட்' என்பார்கள், சுருக்கம் அதேதான். நிலத்தடி நீர், மண் மாசு, கட்டட அடித்தளம் என்று மக்களைத் தொடும் வேலைகளில் அறிக்கை எழுதிக் கையெழுத்துப் போட அமெரிக்காவில் பல மாநிலங்களில் இந்த உரிமம் வேண்டும். எண்ணெய்க் கம்பெனிக்காகப் பெட்ரோல் தேடுபவருக்கு டெக்சாஸ் சட்டம் விலக்குக் கொடுத்திருக்கிறது. அதனால் எல்லோருக்கும் கட்டாயம் என்று நினைத்துப் பதற வேண்டாம்.

டாக்டருக்கும் வக்கீலுக்கும் இருப்பது போன்ற பதிவு உரிமம் நம் நாட்டில் ஜியாலஜிஸ்டுக்குக் கிடையாது. இங்கே முதுநிலைப் பட்டம்தான் வாசல். இந்திய நிலவியல் ஆய்வுத் துறைக்கும் மத்திய நிலத்தடி நீர் வாரியத்துக்கும் ஆள் எடுக்க யுபிஎஸ்சி நடத்தும் ஜியோ-சயின்டிஸ்ட் தேர்வுக்கு எம்.எஸ்சி. வேண்டும். 2016-ல் வந்த கனிமச் சலுகை விதிகள், சுரங்கத் திட்டம் தயாரிக்கும் ஜியாலஜிஸ்டுக்கு முதுநிலைப் பட்டமும் அதன்பின் 5 ஆண்டு மேற்பார்வை அனுபவமும் கேட்டன.

டெக்சாஸ் கணக்கையும் பார்ப்போம். குறைந்தது 4 ஆண்டுப் படிப்பு. அதில் 30 செமஸ்டர் மணி நேரம் புவி அறிவியல் பாடங்கள் (வாரம் ஒரு மணி நேர வகுப்பு ஒரு செமஸ்டர் முழுக்க நடந்தால் அது ஒரு செமஸ்டர் மணி நேரம்). அந்த முப்பதில் 20 மணி நேரம் பட்டப்படிப்பின் கடைசி ஆண்டுகளில் வரும் மேல்மட்டப் பாடங்கள். அப்புறம் 5 ஆண்டு வேலை அனுபவம், தேர்வுகள். நம் பி.எஸ்சி. 3 ஆண்டுதான் என்பதால் அது மட்டும் போதாது. எம்.எஸ்சி. முடித்தால் 5 ஆண்டாகிவிடும். ஆக, பிஜி படிக்க வைப்பேன் என்று நீங்கள் சொன்னது தப்பர்த்தத்தில் வந்த சரியான பதில்!

தேர்வு இரண்டு கட்டம். முதலாவது கல்லூரியில் படித்த அடிப்படையைச் சோதிக்கும். இரண்டாவது வேலையில் கற்றதை. முதல் தேர்வின் பாடப் பரப்பைப் பார்த்தால் கனிமவியல், பாறையியல், படிவுப் பாறைகள், தொல்லுயிர், நில அமைப்பு, நில உருவங்கள், நிலத்தடி நீர், பொறியியல் நிலவியல், பொருளாதாரக் கனிமங்கள் என்று எல்லாமே நம் பாடத்திட்டத்திலும் இருப்பவைதான். எனக்குக் கவலை இரண்டில்தான்.

ஒன்று, நிலத்தடி நீரையும் பொறியியல் நிலவியலையும் நம் பிள்ளைகள் 'எலெக்டிவ்தானே' என்று கடந்துவிடுகிறார்கள். உரிமம் கேட்கும் வேலைகளே அவற்றில்தான் இருக்கின்றன. வேலூர்க்காரருக்கு இதை விளக்கவும் வேண்டுமா? நம் பக்கம் அடியில் கிடப்பது கடினப் பாறை. தண்ணீர் இருந்தால் மேலே சிதைந்த அடுக்கில் இருக்கும், இல்லையென்றால் பாறை வெடிப்பில். தேங்காயை உள்ளங்கையில் வைத்து போர் பாயின்ட் சொல்பவரை நம்பிப் பணத்தைப் போட்டவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. ராணிப்பேட்டையில் மூடிப்போன குரோமேட் ஆலையின் கழிவுக் குவியலிலிருந்து குரோமியம் நிலத்தடி நீரில் இறங்கியதையும், பாலாற்றங்கரைத் தோல் தொழிற்சாலைகள் பற்றிய வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னதையும் நாம் அறிவோம். மாசு எந்தப் பக்கம் நகர்கிறது, எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று சொல்லத் தெரிந்தவருக்கு இங்கும் வேலை உண்டு, டெக்சாஸிலும் உண்டு. இதற்குக் கணக்கும் இயற்பியலும் வேண்டும். துணைப்பாடமாக வந்தால் தட்டிக் கழிக்க வேண்டாம் என்று மகளிடம் சொல்லுங்கள்.

இன்னொன்று களப்பணி. பொட்டைப் பிள்ளையை மலைக்கு அனுப்புவதா என்று வீட்டில் அம்மா தயங்குவதாகச் சொன்னீர்கள். அமெரிக்க மாணவர்கள் பலர் கோடையில் வாரக்கணக்கில் முகாம் போட்டு வரைபடம் தயாரிக்கிறார்கள். கிளைனோமீட்டரைப் பிடித்துப் பாறைச் சாய்வை அளக்காமல் பட்டம் வாங்குவது, தறியில் உட்காராமல் நெசவு படிப்பது மாதிரி. அவளுக்குத் தொலைவும் இல்லை. ஏலகிரியில் சையெனைட் (syenite) என்ற பாறை. திருப்பத்தூர் பக்கம் செவ்வாத்தூரில் கார்பனடைட் என்ற பாறை, வெர்மிகுலைட் என்ற கனிமம். பாறை பார்க்க ஆராய்ச்சியாளர்கள் தேடி வரும் இடங்கள் இவை. துறையோடு குழுவாகத்தான் போவார்கள், ஆசிரியர் உடன் இருப்பார். அம்மாவையே துறைத் தலைவரிடம் பேசச் சொல்லுங்கள்.

சொந்தக்காரர்கள் 'புவியியலா, டீச்சர் வேலைக்கா?' என்று கேட்பார்கள். பள்ளியில் அந்தச் சொல் ஜியாகிரஃபி. அரசின் புவியியல் மற்றும் சுரங்கத் துறை என்றால் ஜியாலஜி. ஒரே சொல் இரண்டுக்கும் ஓடினால் அவர்கள் என்ன செய்வார்கள்! ஜியாலஜி என்றே சொல்லிவிடுங்கள்.

இப்போதே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. வெளிநாட்டில் பட்டத்தை மதிப்பிடும்போது பாடப் பெயரை மட்டும் பார்க்க மாட்டார்கள். எத்தனை மணி நேரம், உள்ளே என்ன நடத்தினார்கள் என்றும் கேட்கக்கூடும். பத்து வருடம் கழித்துப் பழைய சிலபஸைத் தேடிக் கல்லூரிக்கு அலைவது பெரும்பாடு. ஒவ்வொரு செமஸ்டர் முடிந்ததும் சிலபஸில் துறை முத்திரை வாங்கி, மதிப்பெண் பட்டியலோடு ஒரே கோப்பில் வைக்கச் சொல்லுங்கள். களக் குறிப்பேட்டில் தேதி, இடம், எத்தனை நாள், உடன் வந்த ஆசிரியர் எல்லாம் இருக்கட்டும்.

அடுத்த முறை மகள் ஊருக்கு வரும்போது அந்தக் கோப்போடு அழைத்து வாருங்கள். 30 மணி நேரத்தில் எவ்வளவு தேறுகிறது என்று உட்கார்ந்து எண்ணிவிடுவோம். எம்.எஸ்சி.க்குச் சென்னையா, சேலமேவா, ஜாம் (JAM) என்ற எம்.எஸ்சி. நுழைவுத் தேர்வு எழுதி ஐஐடியா என்பதை அதன்பிறகு பேசலாம்.