வறுமையா, ஏற்றத்தாழ்வா?

கேள்வி: எங்கள் அடுக்குமாடி சொசைட்டியில் வீட்டு வேலைக்கு வருகிறவர்கள் சர்வீஸ் லிஃப்டில்தான் ஏற வேண்டும் என்று தீர்மானம் வரப்போகிறது. "இதெல்லாம் ஒரு விஷயமா? முதலில் நாட்டில் வறுமை ஒழியட்டும், நோயும் குற்றமும் தானாகக் குறையும்" என்கிறார் என் கணவர். கல்லூரியில் படிக்கும் மகளோ ஏற்றத்தாழ்வுதான் காரணம் என்று மல்லுக்கு நிற்கிறாள். யார் சொல்வது சரி அம்மா?
- ஒரு வாசகி, செம்பூர், மும்பை

பதில்: உங்கள் வீட்டுக்காரர் சொல்வதில் பாதி நான் கண்ணால் பார்த்தது. தாராவியில் மாநகராட்சி சுகாதார வேலையில் இருந்தபோது, காசநோய் மாத்திரையோடு 90 அடி சாலையை ஒட்டிய சந்துகளுக்குள் போவேன். பத்துக்குப் பத்தில் ஒற்றை அறை வீடு (இங்கே 'கோலி' என்பார்கள்), ஜன்னல் கிடையாது, ஆறு பேர் படுக்கை. ஒருவர் இருமினால் மற்ற ஐந்து பேருக்கும் அதே காற்றுதான். "மாத்திரை போட்டா பசிக்குதுக்கா, சாப்பிட என்ன இருக்கு?" என்பார்கள். ஜார்கண்டில் நடந்த ஓர் ஆய்வு 2023-இல் வெளியானது. நோயாளியோடு சேர்த்து அவர் குடும்பத்துக்கும் அரிசி, பருப்பு, சத்து மாத்திரை கொடுத்த வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. அந்த வீடுகளில் போய் ஏற்றத்தாழ்வு பற்றிப் பேசினால் நம்மைத்தான் சிரிப்பார்கள்.

ஆனால் மகளும் சும்மா பேசவில்லை. லண்டனில் 1967-இல் தொடங்கி சுமார் 18,000 ஆண் அரசு ஊழியர்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். எல்லோருக்கும் மாதச் சம்பளம், அரசு மருத்துவம். பட்டினி என்ற பேச்சே இல்லை. அப்படியும் கடைநிலை ஊழியர்கள் இதயநோயால் இறந்த விகிதம் உயரதிகாரிகளைப்போல் சுமார் மூன்று மடங்கு. புகைப்பது, ரத்த அழுத்தம் எல்லாம் கழித்துப் பார்த்தும் வித்தியாசத்தின் பெரும்பகுதி அப்படியே நின்றது. அதைவிட என்னை யோசிக்க வைத்தது நடுவில் இருந்தவர்களின் கணக்கு. அவர்களும் தங்களுக்கு மேலே இருந்தவர்களைவிட அதிகமாகத்தான் இறந்தார்கள். நல்ல சம்பளக்காரரின் சாவுக்கு வறுமையைக் காரணம் சொல்ல முடியுமா?

அதற்காக ஏற்றத்தாழ்வின் தலையிலேயே எல்லாவற்றையும் கட்டவும் கூடாது. அமெரிக்காவைவிட ஜப்பானில் ஏற்றத்தாழ்வு குறைவு, கொலையும் மிகக் குறைவு. ஆனால் தற்கொலை அங்கே நெடுநாள் பிரச்சினை.

எனக்குத் தெரிந்த ஒரு தாராவிப் பெண் மூன்று வீட்டில் சமையல் செய்கிறார். வீட்டில் ஃபிரிட்ஜ் உண்டு, பையன் பி.காம். எந்தக் கணக்கிலும் பரம ஏழை இல்லை. ஒருநாள் அம்மா மறந்துவிட்டுப் போன கண்ணாடியைக் கொடுக்க அந்தப் பையன் போயிருக்கிறான். செக்யூரிட்டி அவனைச் சர்வீஸ் லிஃப்டுக்கு அனுப்பிவிட்டார். "குப்பை டிரம்மோட என்னையும் ஏத்தி விட்டான்" என்று என்னிடம் சொன்னான். அடுத்த மாதமே இஎம்ஐயில் விலை உயர்ந்த போன் வந்தது. தவணையை அம்மா கட்டுகிறார். அந்த வீட்டில் இப்போது நடக்கும் சண்டையெல்லாம் சோற்றுக்கான சண்டை இல்லை.

அதனால் தீர்மானம் வந்தால் எதிர்த்துக் கை தூக்குங்கள். சாமானும் குப்பையும் சர்வீஸ் லிஃப்டில் போகட்டும், ஆட்கள் எதில் வேண்டுமானாலும் போகட்டும். வறுமைதான் முக்கியம் என்கிற உங்கள் கணவரையும் விடாதீர்கள். செக்யூரிட்டிக்கும் துப்புரவு ஆட்களுக்கும் குறைந்தபட்ச ஊதியம் கைக்குப் போகிறதா என்று அதே கூட்டத்தில் ஒப்பந்தக்காரரிடம் அவர் கணக்குக் கேட்கட்டும்.