எல்லாப் பாட்டுக்கும் ஒரே கிட்டார் என்றால் எந்த பிக்கப் அமைப்பு?

சனிக்கிழமை கல்யாண மண்டபத்தில் இளையராஜா, ஞாயிறு தேவாலயத்தில் வழிபாட்டுப் பாடல், இடையில் நண்பர்களோடு ராக். இத்தனைக்கும் கோலாலம்பூரில் ஒரே எலெக்ட்ரிக் கிட்டார் வாங்கக் கேட்கிறீர்கள். பிக்கப் என்பது நரம்பின் அதிர்வை மின் சமிக்ஞையாக மாற்றும் காந்தச் சுருள். என் பதில் எச்எஸ்எஸ்: பிரிட்ஜில் (நரம்புகள் கிட்டாரின் உடலில் ஊன்றும் பக்கம்) இரட்டைச் சுருள் கொண்ட ஹம்பக்கர், நடுவிலும் நெக்கிலும் (கழுத்துப் பக்கம்) ஒற்றைச் சுருள் கொண்ட சிங்கிள் காயில்.

முக்கியக் காரணம் இரைச்சல். சிங்கிள் காயில், நரம்பின் அதிர்வோடு நம் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரத்தையும் பிடித்துக்கொள்ளும். பிரிக்ஃபீல்ட்ஸ் மண்டபத்தில் மேடை விளக்குகளுக்குப் பக்கத்தில் நின்று டிஸ்டார்ஷன் (ஒலியைக் கரகரப்பாக்கும் விளைவு) போட்டால் அந்த ரீங்காரம் பாட்டையே விழுங்கிவிடும். ஹம்பக்கரில் இரண்டு காயில்கள். சுற்றும் திசையும் காந்தத் துருவமும் எதிரெதிர் என்பதால் ரீங்காரம் ரத்தாகும், நரம்பின் ஒலி மட்டும் கூடும். கிப்சனில் வேலை பார்த்த சேத் லவர் 1955இல் இதற்குக் காப்புரிமை கோரினார்.

ஆனால் மெலடிக்கும் சுத்தமான ஆர்பெஜியோவுக்கும் (கார்டின் சுரங்களை ஒவ்வொன்றாக மீட்டுவது) சிங்கிள் காயிலின் தெளிவு வேண்டும். பிக்கப்பைத் தேர்ந்தெடுக்கும் ஐந்து நிலை சுவிட்சில், நெக்கும் நடுவும் சேரும் நான்காவது நிலை எனக்கு மிகப் பிடித்தது. நடு பிக்கப் எதிர்த்திசையில் சுற்றப்பட்டிருந்தால் அங்கேயும் ரீங்காரம் அடங்கும். கடைக்காரரிடம் இதைக் கட்டாயம் கேளுங்கள்.

முழுக்க ஹெவி மெட்டல் இசை என்றால் எச்எச், அதாவது இரண்டு ஹம்பக்கர், போதும். ஹம்பக்கரின் ஒரு காயிலை மட்டும் இயக்கும் காயில் ஸ்பிளிட் வசதி இருந்தால் அதிலும் மெல்லிய ஒலி கிடைக்கும், ஆனால் சத்தம் சற்றுக் குறையும்.

வாங்கும் முன் ஆம்ப்பில் மாட்டி, ஐந்து நிலைகளையும் முதலில் சுத்தமாக, பிறகு டிஸ்டார்ஷனோடு வாசித்துப் பாருங்கள். ஹம்பக்கருக்கு மாறும்போது சத்தம் திடீரென்று எகிறினால் பிக்கப் உயரத்தை ஸ்குரூவால் இறக்கலாம். அதற்காக நல்ல கிட்டாரை ஒதுக்க வேண்டாம்.