மூளைப் புரதத்தை மருந்தாகக் கொடுக்க முடியுமா? கேள்வி பதில்

போன வாரம் பி.டி.என்.எஃப் பற்றி நாலு வரி எழுதினேன். நரம்பணுக்கள் உயிரோடு இருக்கவும் ஒன்றோடொன்று புதுத் தொடர்பு போட்டுக்கொள்ளவும் உதவும் புரதம், 1982-இல் பன்றி மூளையிலிருந்து பிரித்தெடுத்தார்கள், மனச்சோர்விலும் அல்சைமரிலும் குறைவாகக் காணப்படுகிறது, அவ்வளவுதான். இத்தனை கேள்வி வரும் என்று நினைக்கவில்லை. நான் மருந்தியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன், நரம்பு டாக்டர் இல்லை. அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

மன்னார்குடியிலிருந்து: ஐயா, குறைவாக இருக்கிறது என்றால் இன்சுலின் மாதிரி ஊசி போட்டுவிட வேண்டியதுதானே?

அதைத்தான் முதலில் செய்து பார்த்தார்கள். ஏ.எல்.எஸ் என்று ஒரு நோய், தசையை இயக்கும் நரம்புகள் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துப்போகும். அந்த நோயாளிகள் ஆயிரம் பேருக்கு மேல் சேர்த்து, தோலுக்கடியில் பி.டி.என்.எஃப் ஊசி போட்டுச் சோதித்தார்கள். 1999-இல் முடிவு வெளியானது, பலன் இல்லை. இன்சுலினுக்கு ரத்தத்தில் கலந்தாலே பாதி வேலை முடிந்தது. இதுவோ ரத்தத்தில் சில நிமிடம்தான் தாங்கும், அப்புறம் மூளையின் ரத்தக்குழாய்ச் சுவர் இவ்வளவு பெரிய புரதத்தை லேசில் உள்ளே விடாது. நம்ம ஊரில் இதை விளக்குவது சுலபம். ஜூன் 12 மேட்டூர் திறந்தாச்சு என்று செய்தி வரும், பேராவூரணி கடைமடையில் வாய்க்கால் காய்ந்து கிடக்கும். திறந்துவிட்டது உண்மைதான், வயலுக்கு வந்ததா என்பதுதான் கேள்வி.

திருவாரூரிலிருந்து: அப்போ மண்டையில் துளை போட்டு நேரே உள்ளே விட்டால்?

அதையும் விடவில்லை. ஜி.டி.என்.எஃப் என்று இன்னொரு புரதம், 1993-இல் கண்டுபிடித்தது, பார்கின்சனில் சாகிற, உடல் அசைவைக் கவனிக்கும் டோபமைன் நரம்பணுக்களைக் காப்பாற்றும் என்று எலியிலும் குரங்கிலும் நன்றாகவே காட்டியது. இங்கிலாந்தில் பிரிஸ்டலில் நோயாளிகளின் மூளைக்குள் மெல்லிய குழாய்களை நிரந்தரமாகப் பொருத்தி, காதுக்குப் பின்னால் அதற்கு ஒரு திறப்பு வைத்து, நாலு வாரத்துக்கு ஒருமுறை மருந்தை ஏற்றினார்கள். 2019-இல் முடிவு வந்தது. ஸ்கேனில் முன்னேற்றம் தெரிந்தது. ஆனால் நடையிலும் கை அசைவிலும் பார்த்தால், வெறும் திரவம் ஏற்றிக்கொண்டவர்களுக்கும் இவர்களுக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை.

என்.ஜி.எஃப் என்று நரம்பை வளர்க்கும் மூன்றாவது புரதம் ஒன்று, அதன் கதை இன்னும் வேடிக்கை, வேதனை என்றும் சொல்லலாம். ரீட்டா லெவி-மொண்டால்சினிக்கும் ஸ்டான்லி கோஹனுக்கும் 1986-இல் நோபல் வாங்கித் தந்த ஆய்வில் வந்த புரதம் இது. ஸ்வீடனில் மூன்று அல்சைமர் நோயாளிகளின் மூளைக்குள் இதை ஏற்றியபோது முதுகுவலி பிடித்துக்கொண்டது, எடையும் குறைந்தது, ஏனென்றால் வலி நரம்புகளையும் இதே புரதம்தான் உசுப்பிவிடும். சரி, தேவையான இடத்தில் மட்டும் இருக்கட்டும் என்று இதன் மரபணுவை ஒரு வைரஸில் ஏற்றி மூளைக்குள் செலுத்தினார்கள். அதிலும் பலனில்லை. இறந்துபோன சிலரின் மூளையைப் பிறகு ஆராய்ந்தால், போய்ச் சேர வேண்டிய நரம்பணுக்களுக்கு அது போகவே இல்லை! பக்கத்து வயலில் பாய்ந்துவிட்டது. அதனால்தான் இப்போது சான் டியாகோவில் பி.டி.என்.எஃப் மரபணுவைச் சோதிக்கிறவர்கள், மருந்து எங்கே பரவுகிறது என்று எம்.ஆர்.ஐ-யில் பார்த்துக்கொண்டே செலுத்துகிறார்கள். முதல் கட்டச் சோதனைதான்.

கும்பகோணத்திலிருந்து: என் மாமியார் பிள்ளைகளுக்கு வாரம் தவறாமல் ஆட்டு மூளை வறுத்துக் கொடுக்கிறார். அதில் இந்தப் புரதம் கிடைக்குமா சார்?

கிடைக்காதும்மா. எந்த மூளைப் புரதமும் வயிற்றுக்குள் போனால் வெறும் புரதம்தான், பருப்பு மாதிரி அமினோ அமிலமாக உடைந்துவிடும். மிளகு போட்டு வறுத்தால் ருசியாக இருக்கும், அதை நான் மறுக்கவில்லை, கொலஸ்ட்ரால் மட்டும் ஏகத்துக்கு உண்டு. பி.டி.என்.எஃப் வேண்டுமென்றால் மாமியாரைக் கூட்டிக்கொண்டு அரசலாற்றங்கரையில் நடங்கள். அமெரிக்காவில் 120 முதியவர்களை வைத்து ஒரு ஆய்வு, 2011-இல் வந்தது. ஒரு வருடம் வாரத்துக்கு மூன்று நாள் வேகமாக நடந்தவர்களுக்கு, நினைவைக் கவனிக்கும் ஹிப்போகாம்பஸ் பகுதி சுமார் 2 சதவீதம் பெருத்திருந்தது. வெறும் நீட்டி மடக்கும் பயிற்சி செய்தவர்களுக்குச் சுருங்கியது.

பட்டுக்கோட்டையிலிருந்து: அண்ணே, மனைவிக்கு டிப்ரஷன் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். பத்து நாளாச்சு, ஒன்றும் தெரியவில்லை. நிறுத்திவிடலாமா?

வேண்டாம் தம்பி. இரண்டிலிருந்து நாலு வாரம் ஆவது சகஜம், சிலருக்கு இன்னும் கூட ஆகும். காரணம் நம் புரதத்தோடு சம்பந்தப்பட்டதாக இருக்கலாம். பி.டி.என்.எஃப் போய் ஒட்டும் ஏற்பி ஒன்று உண்டு, பெயர் டிராக்-பி. இந்த மாத்திரைகள் நேராக அதிலேயே போய் ஒட்டி, இருக்கிற பி.டி.என்.எஃப்-ஐ நன்றாக வேலை செய்யவிடுகின்றன என்று பின்லாந்து ஆய்வாளர்கள் 2021-இல் எழுதினார்கள். எல்லோரும் ஒத்துக்கொண்ட விஷயமில்லை, ஆனால் எனக்குப் பிடித்த விளக்கம் இதுதான். புரதத்தை வெளியிலிருந்து கொண்டுவராமல், உள்ளே இருப்பதை வேலை வாங்கும் சின்ன மூலக்கூறு. அது மூளைக்குள் போகவும் போகும். நரம்பணு புதுத் தொடர்பு போட நாளாகும், நடவு முடிந்த மறுநாளே கதிர் பார்க்க முடியுமா? ஆனால் அவர் சாவைப் பற்றிப் பேசினால் வாரக்கணக்குப் பார்க்காதீர்கள், அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.

மயிலாடுதுறையிலிருந்து: லேபில் ரத்தம் கொடுத்து பி.டி.என்.எஃப் பார்க்கலாமா?

காசு வீண். ரத்தம் உறையும்போது தட்டணுக்கள் வெளிவிடுவதுதான் அந்த எண்ணில் பெரும்பங்கு.

திருத்துறைப்பூண்டியிலிருந்து: அப்பாவுக்குப் பார்கின்சன். லெவோடோபா மாத்திரையை இட்லி சாம்பாரோடு போடுகிறார், சில நாள் வேலை செய்கிறது, சில நாள் இல்லை. பூனைக்காலி விதைப் பொடியும் சேர்க்கச் சொல்கிறார்கள்.

லெவோடோபா ஒரு அமினோ அமிலம். புரதம் நுழைய முடியாத மூளைக்குள் இது நுழைவதே, அமினோ அமிலங்களுக்கென்று இருக்கும் வாசல் வழியாகத்தான். சாம்பார் பருப்பிலிருந்து வரும் அமினோ அமிலங்களும் அதே வாசலில் முட்டும், கூட்டம் அதிகமான நாளில் மருந்து வெளியே நிற்கும். சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் போடுவது வழக்கம், குமட்டினால் டாக்டரிடம் சொல்லுங்கள். பூனைக்காலியில் இருப்பதும் அதே லெவோடோபாதான், நாட்டு வைத்தியர் சொல்வதில் பொய் இல்லை. ஆனால் ஒரு ஸ்பூனில் எவ்வளவு இருக்கிறது என்று தெரியாமல் மாத்திரைக்கு மேல் சேர்த்தால் கை கால் தானாக ஆட ஆரம்பிக்கும். மாத்திரை எத்தனை மணிக்கு, டிபன் எத்தனை மணிக்கு, எப்போது இறுகிப்போகிறார் என்று ஒரு வாரம் நோட்டில் குறித்து அடுத்த தடவை டாக்டரிடம் காட்டுங்கள்.