பேச ஆளில்லாத அப்பா

கேள்வி: என் மனைவி தாதி, ஷிஃப்ட் வேலை. எட்டு மாதமாக நான் வேலையை விட்டுவிட்டு 4 வயது மகளையும் 10 மாத மகனையும் பார்த்துக்கொள்கிறேன். மாலையில் புளோக்குக்குக் கீழே விளையாட்டுத் திடலுக்குப் போனால், பேசிக்கொண்டிருக்கும் அம்மாக்கள் என்னைப் பார்த்ததும் நிறுத்திவிடுகிறார்கள். என் அம்மாவோ போனில், "ஆம்பளைக்கு ஏன்டா இந்தத் தலையெழுத்து?" என்கிறார். பேச ஆளே இல்லை.
– பெயர் வேண்டாம், உட்லண்ட்ஸ், சிங்கப்பூர்

பதில்: தம்பி, நான் 22 ஆண்டுகள் பாலர் பள்ளி ஆசிரியை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் நாங்கள் அம்மாவுக்குத்தான் போன் போடுவோம், படிவத்தில் அப்பாவின் எண் முதலில் இருந்தாலும். ஒருநாள் ஓர் அம்மா வேலையிடத்திலிருந்து டாக்சி பிடித்து ஓடி வந்தார். அப்பா இரண்டு புளோக் தள்ளி வீட்டிலேயே இருந்திருக்கிறார். மாலையில் வந்து, "என்னைக் கூப்பிட்டிருக்கலாமே டீச்சர்" என்றார். கோபமே இல்லை அந்தக் குரலில். எனக்கு இன்றும் அது வலிக்கிறது.

திடலில் இருக்கும் அம்மாக்களுக்கு உங்கள்மேல் வெறுப்பு இருக்காது. பால் கட்டிக்கொண்டது, மாமியார் பிரச்சினை என்று பேசிக்கொண்டிருப்பார்கள். ஓர் ஆண் வந்ததும் கூச்சம். மனைவிக்கு ஓய்வு நாள் வரும்போது அவரோடு சேர்ந்து போங்கள். அப்புறம் நீங்களே ஒரு விஷயம் கேளுங்கள்: "பல் முளைக்கிறது, ராத்திரியெல்லாம் அழுகிறான், நீங்கள் என்ன செய்தீர்கள்?" நாலு பேரும் பதில் சொல்வார்கள், பாருங்கள்.

ஆனால் மனசு விட்டுப் பேச இன்னொரு அப்பா வேண்டும். உங்கள் தேசிய சேவை நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் தேடுங்கள். 2025 ஏப்ரல் முதல் தகுதியுள்ள அப்பாக்களுக்கு முதலாளிகள் 4 வாரத் தந்தையர் விடுப்பைக் கொடுத்தே ஆக வேண்டும் என்றாகிவிட்டது. கைக்குழந்தையோடு பகலெல்லாம் இருந்து பார்த்தவர் ஒருவராவது அந்தக் குழுவில் இருப்பார். எல்லாரும் இருக்கும் இடத்தில் எழுதாமல் அவருக்குத் தனியாக எழுதுங்கள். ‘டேட்ஸ் ஃபார் லைஃப்’ இயக்கம் அப்பாக்களும் பிள்ளைகளும் சேர்ந்து கலந்துகொள்ளும் நிகழ்ச்சிகளை நடத்துகிறது. மகளோடு ஒருமுறை போய்வாருங்கள். நடு ராத்திரியில் தாங்க முடியவில்லை என்றால் மனநல உதவி எண் 1771ஐ அழையுங்கள், 24 மணி நேரமும் எடுப்பார்கள். அதில் வெட்கம் வேண்டாம்.

அம்மாவிடம் வாதாட வேண்டாம். வீடியோவில் கூப்பிட்டு, மகனுக்குக் கஞ்சி எந்தப் பதத்தில் வேண்டும் என்று கேளுங்கள். சொல்லிக்கொடுக்கத் தொடங்கினால் தலையெழுத்துப் பேச்சு தானாகக் குறையும்.

மகள் பாலர் பள்ளிக்குப் போகிறாள் என்றால், நாளைக்கே ஆசிரியையிடம் சொல்லி வையுங்கள்: "எதுவானாலும் முதலில் என்னைக் கூப்பிடுங்கள்."