கணினி கேள்வி–பதில்: ஒன்பதாயிரம் ரசீதுகளில் தவறியது எது?

கேள்வி: ஐயா, மொரிஷியஸின் எபென் சைபர்சிட்டியில் ஒரு சிறு நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். ஃபிளிக் ஆன் ஃபிளாக் கடற்கரை விடுதி ஒன்றின் 2007 முதல் 2010 வரையிலான ஒன்பதாயிரம் ரசீதுகளைப் புதிய மென்பொருளுக்கு மாற்றுகிறேன். ஆண்டு, மாதம், நாள் ஆகியவற்றைக் கொடுத்து வருகைத் தேதியையும் புறப்பாட்டுத் தேதியையும் உள்ளூர் நேரப்படி உருவாக்கி, கழித்து, 24 மணி நேரத்தால் வகுத்து, பின்னத்தை விட்டுவிடுகிறேன். பழைய ஏட்டிலுள்ள இரவுகளின் கூட்டுத்தொகையைவிட என் ஜாவாஸ்கிரிப்ட் நிரல் தரும் தொகை 11 குறைகிறது. ரசீதுகளை ஒவ்வொன்றாக எடுக்கும் லூப்புக்குள் பிரேக்பாயிண்ட் (நிரலை இடையில் நிறுத்தும் குறி) வைத்தால் ஒவ்வொரு ரசீதிலும் நிற்கிறது. மீண்டும் ஓடவிடும் எஃப்5 விசையை அழுத்தி அழுத்திக் கை ஓய்ந்துவிட்டது. வேறு வழி உண்டா?
– வாசகி, ரோஸ் ஹில்

பதில்: உண்டு. எங்கே நிற்க வேண்டும் என்பதோடு எப்போது நிற்க வேண்டும் என்பதையும் டீபக்கரிடம் (பிழை தேட உதவும் கருவியிடம்) சொல்லிவிடலாம். அதுவே நிபந்தனை பிரேக்பாயிண்ட். நிரல் எழுதும் செயலியான விஷுவல் ஸ்டுடியோ கோடில் வரி எண்ணுக்கு இடப்பக்கம் வலது கிளிக் செய்தால், நிபந்தனையுடன் சேர்க்கும் தெரிவு வரும். அங்கே நிபந்தனையை எழுதி என்டர் தட்டினால், சிவப்புப் புள்ளிக்குள் சமக்குறி ஒன்று தோன்றும். பிரேக்பாயிண்ட் தன் வரி இயங்குவதற்கு முன்பே நிறுத்திவிடும் என்பதால், இரவுகளைக் கணக்கிடும் வரியில் வைக்காமல் அதற்கு அடுத்த வரியில் வையுங்கள்.

எதை நிபந்தனையாக எழுதுவது என்பதில்தான் உண்மையான வேலை இருக்கிறது. பலர் ரசீது எண்ணை எழுதி, அதை மாற்றி மாற்றித் தேடுவார்கள். எந்த ரசீது தவறியது என்றே தெரியாத உங்களுக்கு அது உதவாது. ஆனால் நிரல் கணக்கிட்ட இரவுகளும் ஏட்டில் எழுதிய இரவுகளும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். ஆகவே அவ்விரு மாறிகளுக்கும் இடையே !== என்ற குறியை இட்டு, 'இவை வேறுபட்டால் நில்' என்று எழுதுங்கள். சரியான தரவில் ஒருபோதும் நடக்கக்கூடாதது எதுவோ, அதை நிபந்தனையாக்குவதையே நான் எப்போதும் பரிந்துரைப்பேன்.

அப்படி எழுதியும் முதல் ரசீதிலேயே நின்றால் திகைக்க வேண்டாம். கோப்பிலிருந்து படித்த '3' பெரும்பாலும் எழுத்துச் சரமாகவே இருக்கும்; நிரல் கணக்கிட்ட 3 ஓர் எண். !== இவ்விரண்டையும் வேறு என்றே கொள்ளும் என்பதால், ஏட்டு மதிப்பை நிபந்தனைக்குள்ளேயே எண்ணாக மாற்றிக்கொள்ளுங்கள். இன்னொன்றிலும் கவனம் தேவை: ஒப்பிடும்போது == அல்லது === எழுத வேண்டிய இடத்தில் ஒற்றை = எழுதினால் அது ஒப்பீடு ஆகாது, மாறியின் மதிப்பையே மாற்றிவிடும். என் தொடக்க காலத்தில், ரசீது எண் 500 ஆகும்போது நிற்கட்டும் என்று ஒற்றைச் சமக்குறியுடன் எழுதினேன். முதல் சுற்றிலேயே நின்றது; எண்ணும் 500 ஆகிவிட்டிருந்தது. இல்லாத பிழையைத் தேடி ஒரு பிற்பகல் முழுவதும் போயிற்று.

உங்கள் ஏடு தொடும் ஆண்டுகளை வைத்துப் பார்த்தால், நிரல் எங்கே நிற்கும் என்பதை என்னால் ஊகிக்க முடிகிறது. 2008 அக்டோபர் 26, தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, அதிகாலை 2 மணிக்கு மொரிஷியஸ் முழுவதும் கோடை நேரத்துக்காகக் கடிகாரங்களை ஒரு மணி நேரம் முன்னே தள்ளினோம்; 2009 மார்ச் 29 அன்று பழைய நேரத்துக்கே திரும்பினோம். ஆகவே அந்த அக்டோபர் 26-க்கு 23 மணி நேரமே இருந்தது. அன்று வந்து மறுநாள் புறப்பட்ட விருந்தினரின் ரசீதில் நிரல் நின்றதும், மாறிகளின் பட்டியலில் இரு தேதிகளின் வித்தியாசத்தைப் பாருங்கள்: 86400000 மில்லி விநாடிக்குப் பதில் 82800000 இருக்கும். வகுத்தால் 0.958, பின்னத்தை விட்டால் சுழியம். அந்த நாளைக் கடந்த ஒவ்வொரு தங்கலிலும் இப்படி ஓர் இரவு குறையும். மார்ச் 29-க்கு 25 மணி நேரம் இருந்தும் அங்கே பிழை தெரியாது, ஏனெனில் மிகுதியான பின்னத்தை நீங்கள் விட்டுவிடுகிறீர்கள். கடிகார மாற்றமே இல்லாத உலகப் பொது நேரத்தில் (யுடிசி) இயங்கும் சர்வரில் இதே நிரல் சரியான விடை தரும். ஆகவே அங்கே சரியாக வருகிறது என்று யாரேனும் சொன்னால் குழம்ப வேண்டாம். இரு தேதிகளையும் உலகப் பொது நேரப்படி உருவாக்கிக் கழித்தால் இந்தப் பிழை தீரும்.

நிற்காமலேயே பார்க்க விரும்பினால், வரி எண்ணுக்கு இடப்பக்கம் வலது கிளிக் செய்தால் வரும் பட்டியலில் உள்ள லாக்பாயிண்ட் தெரிவைப் பயன்படுத்தி ஒவ்வொரு ரசீதின் வித்தியாசத்தையும் திரையில் எழுதச் செய்யலாம்.

கேள்வி: சி++ நிரலில் ஜிடிபி என்ற டீபக்கரைக் கொண்டு நிபந்தனை பிரேக்பாயிண்ட் வைத்தேன். கோடிக்கணக்கான சுற்றுகள் ஓடும் லூப் ஏறத்தாழ அசையாமல் நிற்கிறது. ஏன்?
– வாசகர், கியூர்பிப்

பதில்: நிபந்தனை பொய்யாகும் சுற்றிலும் நிரல் உண்மையில் நிறுத்தப்படுகிறது. ஜிடிபி மாறியைப் படித்து, நிபந்தனையைச் சோதித்து, மீண்டும் ஓடவிடுகிறது. இந்தக் கைமாற்றம் ஒவ்வொரு சுற்றுக்கும் நடப்பதால்தான் தாமதம். இத்தனை முறை தாண்டிச் செல் என்று எண்ணிக்கை கொடுத்தாலும் இதே நிலைதான். நிபந்தனையை நிரலுக்குள்ளேயே ஓர் இஃப் கூற்றாக எழுதி, அதற்குள் சாதாரண பிரேக்பாயிண்ட் வைத்து மீண்டும் கம்பைல் செய்யுங்கள். வேலை முடிந்ததும் அந்த இஃப் வரிகளை மறவாமல் நீக்கிவிடுங்கள்.