இணையத்தில் சும்மா கிடைப்பதற்குக் காசு வாங்கலாமா?

கேள்வி: நானும் நண்பனும் யாழ்ப்பாணத்துக் கடைகளுக்கு ஈஆர்பிநெக்ஸ்ட் என்ற இலவச வியாபாரக் கணக்கு மென்பொருளில் பில் போடும் முறை அமைத்துக் கொடுக்கிறோம். முதல் வாடிக்கையாளரே "இது சும்மா கிடைக்கிற சாமான்தானே, எதுக்குக் காசு?" என்று கேட்டுவிட்டார். காசு வாங்குவது சரியா? இதில் பிழைக்க முடியுமா? – கொக்குவில் வாசகர்

தாராளமாக வாங்கலாம். ஈஆர்பிநெக்ஸ்டின் ஜீபீஎல் உரிமம், அதாவது யாரும் பயன்படுத்தலாம், மாற்றலாம், பகிரலாம் என்னும் உரிமம், விலை வைப்பதைத் தடுக்கவில்லை. அந்த உரிமத்தைப் பிறகு எழுதிய ரிச்சர்ட் ஸ்டால்மனே 1985இல் ஈமாக்ஸ் என்ற எழுத்துத் தொகுப்பு மென்பொருளைக் காந்த நாடாவில் பதிந்து 150 டொலருக்கு விற்றவர்தான்.

ஒரு நிபந்தனை உண்டு. நீங்கள் மாற்றியமைத்த மென்பொருளைக் கடைக்காரரின் கணினியில் போட்டுக் கொடுத்தால், மூலநிரலும் (மென்பொருளை எழுதிய நிரல் வரிகள்) அவருக்குச் சேர வேண்டும். அவர் அதைப் பக்கத்துக் கடைக்குக் கொடுத்தால் நீங்கள் மறிக்க முடியாது. ஊருக்கெல்லாம் வெளியிட வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. ஆக, பிரதிக்கு விலை வைத்தால் இரண்டாவது கடையிலேயே வியாபாரம் படுத்துவிடும். வேலைக்குத்தான் விலை வைக்க வேண்டும்.

வேலைக்குப் பஞ்சமில்லை. பில் அடிக்கும் சின்ன தெர்மல் பிரிண்டரையே எடுங்கள். பெரும்பாலானவற்றில் தமிழ் எழுத்துரு கிடையாது. சாமான்களின் பெயரைப் படமாக மாற்றி அனுப்பினால்தான் ஒழுங்காக அச்சாகும். இதைச் சரிசெய்யத் தெரிந்தவருக்குக் கடைக்காரர் மறுபேச்சில்லாமல் காசு தருவார். அப்புறம் பழைய கொப்பியில் இருக்கும் கடன் கணக்கை ஏற்றுவது, கல்லாவில் நிற்கும் பிள்ளைக்குப் பழக்குவது, கரண்ட் போனாலும் கணக்கு போகாதபடி பேக்கப் ஒழுங்கு செய்வது. ஒவ்வொன்றுக்கும் தனி விலை சொல்லுங்கள்.

நிலையான வருமானம் வருடப் பராமரிப்பில்தான். லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தை வைத்து ரெட் ஹட் நிறுவனம் வளர்ந்தது இப்படிச் சந்தா வாங்கித்தான். 2019இல் ஐபிஎம் அதை ஏறத்தாழ 3,400 கோடி டொலர் கொடுத்து வாங்கியது. நமது ஊரில் இதற்குப் பெரிய எதிரி "தம்பி, ஒருக்கா வந்து பாத்திட்டுப் போங்கோ" என்ற அன்பான அழைப்பு. மறுக்கவும் முடியாது, கணக்கிலும் வராது. மாதம் எத்தனை தடவை வருவீர்கள், அதற்குமேல் வந்தால் எவ்வளவு என்று முதலிலேயே எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

ஆளுக்கொரு மாற்றம் செய்து கொடுக்கும் ஆசையையும் அடக்குங்கள். புதிய பதிப்பு வரும்போது அத்தனையையும் திரும்பச் சரிபார்ப்பது நீங்கள்தான். எல்லாக் கடைக்கும் பொருந்துவதைத் தனிச் செயலியாக ஒருமுறை எழுதிப் பலருக்குப் போடுவது லாபம்.

சரி, அந்த வாடிக்கையாளருக்கு என்ன சொல்வது? பில்லின் முதல் வரியில் "மென்பொருள்: 0 ரூபா" என்றே போடுங்கள். கீழே வேலைகளை விலையோடு எழுதுங்கள். பிறகு ஒரு நாள் கடை பூட்டும் நேரத்தில் போய், வேறொரு கணினியில் அவருடைய அன்றைய கணக்கை பேக்கப்பிலிருந்து எடுத்துக் காட்டுங்கள். பராமரிப்பு ஒப்பந்தத்தை அப்போதே நீட்டலாம்.